மரத்துப்போகும் ஊசியும் வெள்ளைப் புட்டியும்

தருமபுரியில் மேடை ஏறினால் அதியமான் நெல்லிக்கனியில் தொடங்குவது வழக்கம். எனக்கு முன்னால் பேசியவர்கள் கனியைத் தீர்த்துவிட்டார்கள். ஆகவே நான் ஊசிக்கு வருகிறேன்.

மரத்துப்போகிற ஊசி. பல் பிடுங்க ஈறில் போடுகிறார்களே, அது லிக்னோகெயின். சிசேரியனுக்கு முதுகில் போடுவது பெரும்பாலும் புப்பிவகெயின். இவை நரம்பை அடக்குவது எல்லோருக்கும் தெரியும். ரத்தக் குழாயை என்ன செய்கின்றன என்பதை யாரும் கேட்பதில்லை.

குழாயின் சுவரில் தசை உண்டு. அது இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். லிக்னோகெயின் அதைத் தளர்த்துகிறது. விரிந்த குழாயில் ரத்தம் கூடுதலாக ஓடி மருந்தை அள்ளிக்கொண்டு போய்விடும். மரப்பு சீக்கிரம் தெளியும். அதனால்தான் குழாயைச் சுருக்க அட்ரினலின் சேர்க்கிறார்கள். ஜெர்மனியின் ஹைன்ரிச் பிரவுன் காட்டிய வழி அது. பல் ஊசிக்குப் பிறகு நெஞ்சு படபடக்கிறதே, அதில் பயத்துக்குப் பாதி, அட்ரினலினுக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1884-இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கண்ணில் விட்ட கொக்கெயினுக்கு அந்தத் துணை வேண்டியதில்லை. அது தானே குழாயைச் சுருக்கும்.

முதுகு ஊசி குழாயை நேரடியாகத் தொடுவதில்லை. குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளை உறங்க வைக்கிறது. கால் பக்கக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கும், குமட்டும். மயக்க மருத்துவர் அதை எதிர்பார்த்தே மருந்தோடு நிற்பார். தாய்மார்கள் அஞ்ச வேண்டாம்.

அஞ்ச வேண்டியது, அளவு மீறினாலோ மருந்து நேரே ரத்தத்தில் இறங்கினாலோதான். அட்ரினலின் சேராத லிக்னோகெயின் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் வரைதான். 50 கிலோ ஆளுக்கு, 2 சதவீத மருந்தில் சுமார் 11 மில்லி. ஊசிக்கு முன் எடை கேட்பது அதற்காகத்தான். குறைத்துச் சொல்லலாம், கூட்டிச் சொல்லாதீர்கள். அளவு மீறினால் வாயைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல், பிறகு வலிப்பு. புப்பிவகெயின் இன்னும் கொடியது. இதயத்தைப் பிடித்தால் லேசில் விடாது, குழாய்களும் தொய்ந்துபோகும்.

அந்த நஞ்சுக்கு முறிவு கிடைத்தது ஒரு வேடிக்கை. சிகாகோவில் கை வைன்பர்க் என்பவரின் குழுவினர், கொழுப்பு ஏற்றினால் புப்பிவகெயினின் நஞ்சு கூடும் என்று எதிர்பார்த்து எலிகளில் சோதித்தார்கள். எலிகள் முன்னைவிட அதிக மருந்தைத் தாங்கின! 1998-இல் அதை வெளியிட்டார்கள். 2006-இல் நியூயார்க்கில் தோளுக்கு மரப்பு ஊசி போட்ட 58 வயதுக்காரருக்கு இதயம் நின்றது. சுமார் 20 நிமிடம் நெஞ்சை அழுத்தியும் பயனில்லை. கொழுப்புப் பால்மம் ஏற்றியதும் துடிப்பு திரும்பியது.

அது என்ன பொருள்? சோயா எண்ணெயை முட்டைக் கருவின் கொழுப்போடு நுணுக்கிக் கலந்த வெள்ளைத் திரவம். வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு உணவாக ஏற்றுவது. கையில் ஒட்டிய பலாப் பிசினைத் தண்ணீர் அசைக்காது, எண்ணெய் எடுத்துவிடும் அல்லவா? புப்பிவகெயினும் கொழுப்பை நாடும் மருந்து. பால்மத்தின் துளிகள் அதை இதயத்திலிருந்து கழற்றி ஈரலுக்குக் கொண்டுபோகின்றன. சோர்ந்த இதயத்துக்குத் தீனியும் ஆகின்றன. தொய்ந்த குழாயை அது மீண்டும் இறுக்குவதை, எலியின் பெருந்தமனித் துண்டுகளில் தென் கொரிய ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆய்வகத் துண்டு வேறு, ஆள் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சித்தேரி மலையிலிருந்து 108 வண்டி இறங்கும் நேரத்தை நீங்கள் அறிவீர்கள். நின்ற இதயம் அதுவரை காத்திருக்காது. பால்மப் புட்டி ஊசி போடும் அறையிலேயே இருக்க வேண்டும். 25 டிகிரிக்குக் கீழே வைத்தால் போதும். நம் சித்திரை வெயிலில் ஏசி அறையில் வையுங்கள். உறையவிடக் கூடாது. புரோபோஃபாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். அவசரத்தில் அதை எடுத்துவிடாதீர்கள், அது பிரஷரை இன்னும் இறக்கும்.

அரூரிலும் பென்னாகரத்திலும் கிளினிக் நடத்துகிறவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். நாளைக்கே மருந்துக் கடையில் சொல்லிவையுங்கள்: 20 சதவீதப் பால்மம். பத்தை நீட்டினால் திருப்பிக் கொடுங்கள்.