கூடையில் இறங்கிய பவுல்

(தலைப்பு: கிறிஸ்தவனுக்குப் பெரிது அரசின் ஆணையா, மனசாட்சியின் குரலா? 'மனசாட்சியின் குரலே' என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே, என்னை ஏற்கெனவே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்ட எதிரணி நண்பர்களே, அடுப்பை அணைத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, அடுப்பு ஏன் அணைந்ததென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தந்தைமார்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால பேசிய அம்மா, ரோமர் நிருபம் 13-ஆம் அதிகாரத்தை எடுத்து ஒரு போடு போட்டாங்க. ஆளுகிற அதிகாரம் கடவுளால வந்தது, அதுக்கு அடங்கி நடக்கணும்னு பவுலே எழுதிட்டாரே, அப்புறம் என்ன மனசாட்சின்னு கேட்டாங்க. கைதட்டல் வாங்கினாங்க. நானும் தட்டினேன், ஐயா. அவங்க சொன்னது பொய் இல்லை. ஆனா அம்மா முதல் வசனத்தோட புத்தகத்தை மூடிட்டாங்க. அதே அதிகாரத்துல நாலு வசனம் தள்ளிப் போனா, தண்டனைக்குப் பயந்து மட்டும் இல்லை, மனசாட்சிக்காகவும் கீழ்ப்படியணும்னு அதே பவுல்தான் சொல்றாரு. கீழ்ப்படிதலுக்கே வேர் எதுன்னா மனசாட்சிதான்! வேரை வெட்டிட்டு மரத்துக்குத் தண்ணி ஊத்தச் சொன்னா எப்படி? (கைதட்டல்)

பயத்துல வர்ற கீழ்ப்படிதல் எனக்கு நல்லாத் தெரியும். எங்க தெருமுனையில போலீஸ்காரர் நின்னா ஹெல்மெட் என் தலைக்கு வரும். அவர் டீ குடிக்கப் போனா அது பெட்ரோல் டாங்க் மேல போய் உட்காரும். ஒருநாள் பின்னால உட்கார்ந்திருந்த என் மக கேட்டா: "ஏம்ப்பா, டாங்க்குக்கு அடிபட்டா செலவு ஜாஸ்தியா?" (சிரிப்பு)

சரி, இதே பவுல் என்ன செஞ்சாரு? தமஸ்கு பட்டணத்துல அரேத்தா ராஜாவோட அதிகாரி அவரைப் பிடிக்க ஊரைச் சுத்திக் காவல் போட்டுட்டான். "ஐயா, உங்க அதிகாரம் கடவுள் கொடுத்தது, இந்தாங்க என் கை"ன்னு போய் நின்னாரா? கூடையில ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியா, மதில்லேருந்து இறங்கிப் போயிட்டாரு! (பலத்த சிரிப்பு) இதை வேற யாரும் கட்டி விடலை. கொரிந்தியருக்கு எழுதின ரெண்டாம் நிருபத்துல அவரே எழுதி வச்சிருக்காரு.

அதுக்கும் முன்னால, யாத்திராகமத்துல ரெண்டு மருத்துவச்சிகள் வர்றாங்க. சிப்பிராள், பூவாள். எபிரேயருக்கு ஆண் குழந்தை பிறந்தா கொன்னுடணும்னு பார்வோன் உத்தரவு. ராஜா உத்தரவுதானே! ரெண்டு பேரும் செய்யலை. பிள்ளைகளைப் பிழைக்க விட்டாங்க. அவங்க கீழ்ப்படிந்திருந்தா அந்தக் கதையே அந்தப் பக்கத்தோட முடிஞ்சிருக்கும்.

நடுவர் ஐயா என்னைப் பார்க்கிற பார்வை, 'வேதக் கதை போதும், நடந்ததைச் சொல்லும்'னு சொல்லுது. சொல்றேன்.

ஆஸ்திரியாவிலே சங்க்ட் ராடெகுண்ட் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே ஒரு விவசாயி, பெயர் பிரான்ஸ் யேகர்ஸ்டெட்டர். 1907-ல் பிறந்தவர். இளவட்டத்துல கொஞ்சம் ஆட்டம் போட்ட ஆள்தான். அந்த ஊர்லேயே முதல்ல மோட்டார் சைக்கிள் வாங்கினவர். 1936-ல் பிரான்சிஸ்கான்னு ஒரு பெண்ணைக் கட்டினார். மனுஷன் மாறிட்டார். மூணு பெண் குழந்தைகள்.

1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடிச்சான். ஏப்ரல் 10-ஆம் தேதி, 'சேர்ந்தது சரிதானா'ன்னு ஓட்டெடுப்பு. அந்த ஊர்ல 'வேண்டாம்'னு ஒரே ஒரு ஓட்டு. யாருதுன்னு சொல்லவே வேண்டாம். ஊர் அதிகாரிகள் அதையும் மறைச்சு, நூத்துக்கு நூறு சம்மதம்னு கணக்கு எழுதிட்டாங்க!

எதிரணி கேட்கும்: 'மனசாட்சி, மனசாட்சின்னு ஆளாளுக்குக் கிளம்பினா நாடு என்ன ஆகும்? நாளைக்கு ஒருத்தன் வரி கட்டவும் மனசாட்சி இடம் தரலைம்பானே?' நியாயமான கேள்வி. நமக்கு மனசாட்சி காசு கொடுக்கும்போது உறுத்தும், வாங்கும்போது உறுத்தாது. இந்த மனுஷனுக்கு வாங்கும்போது உறுத்துச்சு! அரசாங்கம் பிள்ளைகளுக்குக் கொடுத்த உதவித்தொகையை வேண்டாம்னுட்டார். ஆலங்கட்டி மழையில பயிர் போச்சு, நிவாரணத்தையும் தொடலை. எது மனசாட்சி, எது சாக்குன்னு பிரிச்சுப் பார்க்க இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியாது.

1940-ல் ராணுவப் பயிற்சிக்குப் போனார். ஊருக்குத் திரும்பி வந்தவர், இந்த அநியாயப் போருக்கு இனிமேல் போக மாட்டேன்னு முடிவு பண்ணிட்டார். லின்ஸ் நகரத்துக்குப் போய் ஆயரையே பார்த்துக் கேட்டார். ஆயர் என்ன சொன்னார்? 'போர் சரியா தப்பான்னு தீர்மானிக்கிறது உன் பொறுப்பில்லை, உனக்குக் குடும்பப் பொறுப்பு இருக்கு.' கிட்டத்தட்ட நம்ம எதிரணி பேசின பேச்சுத்தான்!

1943 மார்ச் 1-ஆம் தேதி, என்ஸ் நகரத்து ராணுவ முகாம். அழைப்பு வந்ததும் காட்டுக்குள்ள ஓடி ஒளியலை. நேரா முகாமுக்குப் போனார். துப்பாக்கி தூக்க மாட்டேன்னார். காயம்பட்டவங்களுக்கு மருத்துவ உதவி செய்யற வேலை கொடுங்க, செய்யறேன்னார். கொடுக்கலை. ஜெயில். ஜூலை 6-ஆம் தேதி பெர்லின் ராணுவ நீதிமன்றத்துல மரண தண்டனை. உத்தரவை மறுத்தார், அதுக்கான தண்டனையை மறுக்கலை. அந்தச் சட்டத்தை அவர் இதுக்குமேல எப்படி மதிக்கணும், நீங்களே சொல்லுங்க.

அம்மா, நீங்க கடைசியா ஒண்ணு கேட்டீங்க. 'பெண்டாட்டி பிள்ளைகளை நடுத்தெருவுல விட்டுட்டு என்னய்யா மனசாட்சி?' இந்த இடத்துலதான் எனக்குத் தொண்டை அடைக்குது. எனக்கும் ஒரு மக இருக்கா. நான் அப்படிச் செய்வேனான்னு கேட்டா, இந்த மேடையில பொய் சொல்லத் தைரியம் இல்லை. பிரான்சிஸ்காவே ஆரம்பத்துல கெஞ்சியிருக்காங்க, உயிரைக் காப்பாத்திக்குங்கன்னு. அப்புறம், ஊரே ஒரு பக்கம் நின்னபோது, நானும் விட்டா இவருக்கு யார்னு புருஷன் பக்கம் வந்து நின்னாங்க. ஊர்ப் பாதிரியாரோட பெர்லினுக்குப் போய், இருபது நிமிஷம் அவரைப் பார்த்தாங்க. 1943 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, பிராண்டன்பர்க் சிறையில கில்லட்டினில் அவர் தலையை வெட்டினாங்க. வயசு 36.

போர் முடிஞ்சு ஹிட்லர் போனபிறகும் ஊர்ப்பேச்சு போகலை. போருக்குப் போனவங்களைக் காட்டிக் கொடுத்தவன் மாதிரி பேசினாங்க. விதவைப் பென்ஷன்கூட 1950 வரைக்கும் இந்த அம்மாவுக்குக் கிடைக்கலை. பண்ணையைத் தானே பார்த்து, மூணு பெண்களையும் வளர்த்தாங்க. 1997-ல் பெர்லின் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து பண்ணுச்சு. 54 வருஷம் கழிச்சு!

மணி அடிச்சுட்டீங்க, ஐயா... ஒரே நிமிஷம்.

2007 அக்டோபர் 26. பிரான்சுக்கு முத்திப்பேறு பெற்றவர்ங்கிற பட்டம் கொடுக்கிறாங்க. எங்கே? லின்ஸ் பேராலயத்துல. குடும்பத்தைப் பாருன்னு ஆயர் சொல்லி அனுப்பினாரே, அதே லின்ஸ்! கூட்டத்துல மகள்களோட ஒரு பாட்டி உட்கார்ந்திருக்காங்க. வயசு 94. பிரான்சிஸ்கா.

அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்தப் பாட்டியைத்தான் என் சாட்சியா நிறுத்துறேன். தீர்ப்பு உங்களோடது, நடுவர் ஐயா. (நீண்ட கைதட்டல்)