நாம் நடக்கும் பாதையும் நாம் எடுக்கும் படமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பல்கலைக்கழகத்திலே பயிலும் மாணவன் பேச வருகிறான் என்றதும், ஏதோ பெரிய தத்துவத்தை விரித்துரைக்கப் போகிறான் என்று உங்களிற் சிலர் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் எடுத்துக் கொண்ட பொருளோ மிகச் சிறியது. நாம் அன்றாடம் நடக்கிறோம். நடக்கும்பொழுது கைத்தொலைபேசியால் படம் எடுக்கிறோம். அந்தப் படத்தை, நம்மைப் போலவே நடப்பதில் விருப்பமுள்ள பிறருக்கு இணையத்தின் வழியே அனுப்புகிறோம். இவ்வளவுதான் பொருள். "வேலையற்றவன் செய்யும் வேலை" என்று பெரியோர் சிலர் முணுமுணுப்பது என் காதில் விழாமல் இல்லை. ஆனால், அது ஊருக்குப் பயன்படும் வேலையாகலாம் என்பதையும், அதற்கு அந்தப் பெரியோர்களின் துணையே இன்றியமையாதது என்பதையும் எடுத்துக் காட்டுவதுதான் என் நோக்கம்.

நடை நமக்குப் புதிதன்று. சிவனொளிபாத மலைக்கு இரவோடிரவாகப் படியேறுகிறோம். கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகும் அடியார்களைக் கண்டிருக்கிறோம். அவை ஒருபுறமிருக்க, மலையக மக்களின் வரலாறே நடையிலேதான் தொடங்குகிறது. 1820களிலே கோப்பித் தோட்டங்கள் உண்டான காலந்தொட்டு, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து புறப்பட்ட நம் முன்னோர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். காடும் விலங்கும் காய்ச்சலும் நிறைந்த வழியிலே மாத்தளை வரைக்கும், அதற்கு அப்பாலும், கால்நடையாகவே வந்தார்கள். வழியிலே விழுந்து மாண்டவர் ஆயிரக்கணக்கினர்.

அந்த நடையைக் காட்டும் படம் ஏதேனும் நம் வீட்டுச் சுவர்களில் உண்டா? இல்லை. நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839ஆம் ஆண்டிலேதான். அதன் பின்னர் இலங்கைக்குக் கமரா வந்தபோதும், அது துரைமார் கையிலும் நகரத்துப் படக் கடைகளிலும் இருந்ததேயன்றி, நடந்து வந்தவன் கையில் இருக்கவில்லை. ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே முதலிய நிலையங்கள் தோட்டக் காட்சிகளைப் படமெடுத்து விற்றன. கொழுந்தெடுக்கும் பெண்ணின் படம் தபாலட்டையாகிக் கடல் கடந்தது. அட்டையின் அடியிலே தோட்டத்தின் பெயரோ தொழிலின் பெயரோ இருக்கும். பெரும்பாலும் அந்தப் பெண்ணின் பெயர் இருக்காது.

இங்கே ஒரு சிறந்த கலைஞரின் உதாரணத்தைக் கூற விரும்புகிறேன். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அம்மையார் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிலே பிறந்தவர். நிழற்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர் என்று உலகம் போற்றுபவர். கணவருக்கு இலங்கையிலே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. ஆகவே 1875இல் அவர் இங்கே குடிவந்தார். 1879 ஜனவரியிலே டிக்கோயாப் பகுதியில் காலமானார். அவருடைய உடல் பொகவந்தலாவையிலுள்ள சென் மேரிஸ் தேவாலய வளவிலே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. மிஷன் பாடசாலையிலே படித்த எனக்கு அவர் பெயர் இளமையிலேயே அறிமுகமாயிருந்தது. இங்கிலாந்திலே அவர் எடுத்த கவிஞர்கள், விஞ்ஞானிகள் படங்களின் கீழே அவரவர் பெயர் தெளிவாக இருக்கிறது. இலங்கையிலே அவர் எடுத்த தொழிலாளர்கள், கிராமத்தவர்கள் படங்களுக்கோ பெரும்பாலும் பெயரில்லை. முகம் இருக்கிறது, ஆள் யாரென்று தெரியவில்லை. இதை அந்த அம்மையாரின் குற்றமாக நான் கூறவில்லை. அந்தக் காலத்தின் வழக்கம் அது. ஆனால் அந்த வழக்கம் இன்றும் தொடர வேண்டுமா என்பதே என் கேள்வி.

இன்று அக்கேள்வி நம் வாசலுக்கே வந்திருக்கிறது. "பீக்கோ டிரெயில்" என்ற நெடும் நடைபாதையைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். தேயிலைத் தரம் ஒன்றின் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாக அது மலைநாட்டைச் சுற்றி வருகிறது. பூண்டுலோயாவிலிருந்து வரும் கட்டம் நமது வட்டகொடையிலே முடிகிறது. அடுத்த கட்டம் இங்கிருந்து கொட்டகலைக்குப் புறப்படுகிறது. முதுகிலே பை சுமந்த வெளிநாட்டவரும், கொழும்பிலிருந்து வரும் இளைஞர்களும் நம் லயங்களைக் கடந்து நடக்கிறார்கள். நடப்பவர்கள் படம் எடுக்கிறார்கள். அன்று மாலையே அதை உலகெங்குமுள்ள நடைப் பிரியர்கள் பார்க்கிறார்கள். "இந்தத் திருப்பத்திலே வழி தவறாதீர்", "இந்தக் கானைத் தாண்டும்போது வழுக்கும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்கிறார்கள். இது நல்ல பழக்கம். அறிமுகமில்லாத மனிதருக்கு வழி சொல்வதைப் புண்ணியமென்று கருதியவர்கள் நம் பெரியோர்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் நடக்கும் பாதைகளிற் பல யார் இட்ட பாதைகள்? பிரட்டுக்குப் போகவும், கொழுந்து மடுவத்துக்குக் கூடை சுமக்கவும், பிள்ளைகள் பாடசாலை செல்லவும், நம்மவர் கால்கள் தேய்த்த குறுக்குப் பாதைகள் அல்லவா அவை? ஒருநாள் நடப்பவர் ஆயிரம் படம் எடுக்கிறார். ஆயுள் முழுதும் நடப்பவளோ அந்தப் படத்திலே பச்சைப் பின்னணியின் ஒரு புள்ளியாக நிற்கிறாள். கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்து, தேயிலை பட்டுப் போயிற்று என்று எழுதுகிறவரும் இருப்பார். அவர்மேல் குறையில்லை. சொல்ல வேண்டிய நாம் வாய் திறக்காமல் இருக்கிறோம்.

முன்னே வாய்ப்பில்லை என்றோம். இன்று அப்படிச் சொல்ல முடியாது. லயத்துக்கு லயம் கைத்தொலைபேசி இருக்கிறது. 2023ஆம் ஆண்டிலே, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நடந்தது. ஜூலை 28இல் புறப்பட்டு ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தார்கள். முன்னோர் நடந்த திசையிலே பேரப் பிள்ளைகள் நடந்தார்கள். இந்தத் தடவை கமரா நடந்தவர்கள் கையிலேயே இருந்தது. அந்தந்த நாளின் படம் அந்தந்த நாளே ஊர்களுக்கு எட்டியது. முதல் நடைக்கும் இந்த நடைக்கும் இடையேயுள்ள பெரிய வேறுபாடுகளில் இதுவும் ஒன்று.

படம் எடுத்தால் போதுமா? போதாது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம்மவர் பழமொழி. பெயரில்லாத படம், விலாசமில்லாத கடிதம் போன்றது. அது எங்கும் போய்ச் சேராது. எந்த இடம், எந்த நாள், எந்தத் திசை நோக்கி எடுத்தது, அந்த இடத்தை ஊரார் எப்படி அழைக்கிறார்கள் என்ற நான்கும் கூடவே எழுதப்பட்டால்தான் ஒரு படம் சாட்சியாகும்.

பிரித்தானியாவிலே நடப்பவர்கள் இதை ஒரு பொதுப் பணியாகவே செய்து வருகிறார்கள். "ஜியோகிராப்" என்பது அதன் பெயர். 2005இல் தொடங்கியது. பிரித்தானியாவையும் அயர்லாந்தையும் ஒரு கிலோமீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் படமும் விளக்கமும் சேர்க்கிறார்கள். மாளிகையும் மலைச்சிகரமும் மட்டுந்தான் வேண்டும் என்பதில்லை. சந்து, வேலி, வயல், பஸ் நிறுத்தம் எல்லாம் சேர்கின்றன. சாதாரண மக்கள் நடக்கும்போது எடுத்த இலட்சக் கணக்கான படங்கள் இன்று ஒரு தேசத்தின் பதிவேடாக நிற்கின்றன. அவர்கள் செய்ததை நாம் செய்யலாகாதா? நமக்கு ஒரு நாடு முழுவதும் வேண்டாம்; வட்டகொடையைச் சுற்றியுள்ள மலைகள் போதும்.

இங்கேதான் பெரியோர்களின் துணை வேண்டும் என்கிறேன். நம் தோட்டங்களின் பெயர்களைப் பாருங்கள். பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன் ஸ்கொத்லாந்திலுள்ள ஒரு குன்றின் பெயர். தலவாக்கலைப் பக்கத்து ஹோலிரூட் எடின்பரோ நகரத்து அரண்மனையின் பெயர். இவையெல்லாம் வரைபடத்திலே ஏறிவிட்டன. ஆனால் நம் பாட்டன்மார் ஒவ்வொரு மலைக்கும் பாறைக்கும் ஓடைக்கும் வைத்த தமிழ்ப் பெயர்கள் வாய்மொழியிலேதான் வாழ்கின்றன. கோயில் மலை, ஸ்டோர் மலை என்று கொழுந்துக்குப் போகும் தாய்மார் சொல்லும் பெயர்களை எந்த வரைபடத்திலே தேடுவது? அந்தப் பெயரை அறிந்த முதியவர் கண்ணை மூடும் நாளில் அந்தப் பெயரும் போய்விடும். படம் எடுக்கும் கருவி இளைஞனிடம் இருக்கிறது. பெயரும் கதையும் பெரியவரிடம் இருக்கின்றன. இரண்டும் ஒரு திண்ணையிலே கூடி உட்கார்ந்தால்தான் படம் ஊரின் சொத்தாகும்.

அன்றாடப் படத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. இடம் மாறும்போதுதான் பழைய படத்தின் அருமை தெரியும். தலவாக்கலையிலே அணை கட்டி, கொத்மலை ஓயாவின் நீரைச் சுரங்க வழியே திருப்பி, 150 மெகாவாற் மின்சாரம் உண்டாக்கும் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. சென் கிளேயர் அருவிக்கென்று பகல் வேளையிலே நீர் விடும் ஏற்பாடும் செய்யப்பட்டது. ஆனாலும், அணைக்கு முந்திய மழைக்காலத்திலே அந்த அருவி எப்படிப் பாய்ந்தது என்பதை இன்றைய சிறுவனுக்குக் காட்ட, யாரோ வழிப்போக்கர் எடுத்த பழைய படமே துணை.

அருவியாவது அழகுக் காட்சி. உயிருக்கே துணையாகும் படமும் உண்டு. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயன் வீடுகளை மூடியதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியிலே வந்த டித்வாப் புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. மலைநாட்டுச் சரிவுகளிலே விழுந்த அடி மிகக் கொடியது. மண்சரிவு பல வேளைகளில் அடையாளம் காட்டிவிட்டே வருகிறது. நிலத்திலே வெடிப்பு, சுவரிலே புதிய பிளவு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனத் தோன்றும் ஊற்று, தெளிந்த ஓடை கலங்கலாவது ஆகியவை அந்த அடையாளங்கள். ஒரே இடத்தில் நின்று மாதம் ஒருமுறை எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், போன மாதம் விரலகலமாயிருந்த வெடிப்பு இந்த மாதம் சாணகலமாகியிருப்பது தெரியும். வாயாற் சொன்னால் "பார்ப்போம்" என்பார்கள். நாள் குறித்த படங்களைக் காட்டினால் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் வெடிப்பு பெருகி, மழையும் விடாது பெய்தால், படம் எடுக்க நிற்க வேண்டாம். முதலில் வீட்டாரை வெளியேற்றுங்கள்; அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

இனி இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். கொழுந்தெடுக்கும் தாயாரைப் படம் எடுக்குமுன் "அம்மா, எடுக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கமராவைப் பையிலே போடுங்கள். எடுத்தபின் படத்தை அவருக்குக் காட்டுங்கள். பெயரைப் போடலாமா என்று அதையும் கேட்டே போடுங்கள். சிறு பிள்ளைகளின் முகத்தை, அவர்கள் இருக்கும் இடத்தோடு சேர்த்து ஊரறியப் போடாதீர்கள். லயத்து வாசலில் உலரும் துணியும் உடைந்த கூரையும் பிறருக்கு வேடிக்கையல்ல. குறையைக் காட்ட வேண்டுமானால், அவ்வீட்டார் சம்மதத்தோடு, அதைத் தீர்க்கக் கூடியவர் கண்ணுக்குக் காட்டுங்கள். இரயில் பாதையிலும் பாறை விளிம்பிலும் நின்று தன்னைத் தானே படமெடுக்கப் போய் உயிரிழந்தவர்கள் இந்நாட்டிலே உண்டு. ஒரு படத்துக்காகத் தாய் வயிற்றிலே நெருப்பைக் கட்டாதீர்கள்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் படத்தோடு வந்து "தாத்தா, இந்தப் பாறைக்கு என்ன பெயர்?" என்று கேட்டால், சலித்துக் கொள்ளாதீர்கள். அன்று அந்த மலையிலே என்ன நடந்தது, அந்தப் படிக்கட்டை யார் கட்டினார்கள் என்று நீங்கள் சொல்லும் இரண்டு வரி, அழகான படம் பத்தை விட மேலானது.

மன்றத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். மாதந்தோறும் வரும் போயா விடுமுறையிலே, காலை பூசை முடிந்ததும், இளைஞர்களும் இயன்ற பெரியோர்களும் ஒரு மணி நேரம் சேர்ந்து நடப்போம். பத்து இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொரு மாதமும் அதே பத்து இடங்களிலே நின்று படம் எடுப்போம். நாளும் இடமும் தமிழ்ப் பெயரும் எழுதி, மன்றத்தின் பதிவேட்டிலே ஒரு பிரதியும் நடப்பவர் குழுவிலே ஒரு பிரதியுமாக வைப்போம். பீக்கோ டிரெயிலில் வருகிறவர்களுக்கும் அதைக் காட்டுவோம். அவர்கள் நம் மலையின் அழகை அறிந்தவர்கள். அதன் பெயரை நாம் சொல்லிக் கொடுப்போம். இதற்குப் பெருஞ் செலவில்லை. ஒரு பதிவுப் புத்தகமும், பன்னிரண்டு மாதம் சோராத கால்களும் இருந்தால் போதும்.

முன்னோர் நடந்த நடைக்குப் படமில்லை என்பதை நாம் மாற்ற முடியாது. நம் பேரப் பிள்ளைகள், நாம் நடந்த நடையைப் பற்றியும் அவ்வாறே சொல்ல நேரக் கூடாது. அடுத்த ஆண்டு இதே விழாவிலே, இம்மண்டபத்துச் சுவரிலே, பத்து இடங்களின் பன்னிரண்டு மாதப் படங்கள் பெயரோடு தொங்க வேண்டும் என்பது என் ஆசை. வருகிற போயா தினத்துக் காலையிலே கோயில் வாசலில் உங்களை எதிர்பார்ப்பேன்.