களியை முழுங்கலாமா? ஐலியோஸ்டமிக்கு அப்புறம் நம்ம ஊர் சாப்பாடு

கடத்தூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "மாமாவுக்கு ஐலியோஸ்டமி பண்ணி மூணு மாசம் ஆச்சு. பயந்துகிட்டு வெறும் இட்லி, ரசம் சாதம்தான் சாப்பிடுறார். இனிமே களி, கீரை எல்லாம் அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் இல்ல. ஆனா சாப்பிடுற விதம் மாறணும்.

ஐலியோஸ்டமினா, சிறுகுடலோட ஒரு பகுதியை வயித்துக்கு வெளியே கொண்டு வந்து பை மாட்டுறது. அந்த வாய்க்குப் பேரு ஸ்டோமா. பெருங்குடல் புற்றுநோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், டைஃபாய்டுல குடல் ஓட்டையாகுறதுனு காரணம் பல. வயித்துச் சுவரைத் தாண்டுற இடத்துல குடல் குறுகலா இருக்கும். ஜீரணமாகாத நார் அங்க உருண்டு அடைச்சுக்கும். ஆபரேஷன் ஆன முதல் 6–8 வாரம் குடல் வீங்கியிருக்கும், அதனாலதான் அப்போ நார் வேணாம்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் டாக்டர்கிட்ட கேட்டுட்டு, ஒவ்வொண்ணா, கொஞ்சம் கொஞ்சமா சேர்க்கலாம். ஒரே நாள்ல நாலு மாற்றத்தை ப்ரொடக்‌ஷன்ல தள்ளுனா எது உடைச்சதுனு தெரியாதுல்ல? அதே கதைதான்.

இப்ப களிக்கு வருவோம். தர்மபுரி பக்கம் களியை மெல்ல மாட்டோம், உருட்டிக் குழம்புல தோய்ச்சு முழுங்குவோம். மென்னு சாப்பிட்டா பெரியவங்க சிரிப்பாங்க. ராகி மாவு நல்லா வெந்தா குழைவாத்தான் இருக்கும். ஆனா அதோட சேர்ந்து போற மொச்சைத் தோலும் கீரைத்தண்டும் அப்படியே முழுசா இறங்குது பாருங்க, அங்கதான் வம்பு. மாமாவை மெல்லச் சொல்லுங்க. யார் சிரிச்சாலும் பரவாயில்ல. ஆரம்பத்துல ராகியை ஊறவெச்சு அரைச்சு, துணியில வடிகட்டின பால்ல கஞ்சி காய்ச்சிக் கொடுக்கலாம்.

நம்ம சமையல்லயே பாதி வழி இருக்கு. கீரையை இலையா ஆய்ஞ்சு, மத்தால மசிய கடைஞ்சா மெல்லுற வேலையில பாதியை மத்தே முடிச்சிடும். மொச்சையா? ஊறவெச்சுத் தோலைப் பிதுக்கி எடுக்குற பிதுக்குப் பருப்புக் குழம்பு இருக்கே! வேர்க்கடலையை முழுசா கொறிக்காம நைஸா சட்னி அரைச்சுக்கலாம். தேங்காய்த் துருவலுக்குப் பதிலா தேங்காய்ப்பால். முருங்கைக்காய்ல சதையை மட்டும் வழிச்சு எடுங்க. மாம்பழம்னா தோல் சீவி, நாரில்லாத ரகம். மக்காச்சோளம், பாப்கார்ன், காளான் இதெல்லாம் கடைசியா யோசிக்கலாம்.

தண்ணி விஷயம் ஒண்ணு. உப்பையும் தண்ணியையும் உறிஞ்சுற பெருங்குடல் இப்ப வேலையில இல்ல. பை வேகமா நிறையுற நாள்ல வெறும் தண்ணியை மட்டும் குடம் குடமா குடிச்சா உப்பு இன்னும் வெளியேறும். இளநீர்ல பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி. அதனால அது ஓஆர்எஸ்ஸுக்கு மாற்று ஆகாது. கிட்னி, பிரஷர் பிரச்சனை இருந்தா அளவை டாக்டர் சொல்லணும்.

நாலஞ்சு மணி நேரமா பை காலியா இருக்கு, இல்ல வெறும் தண்ணியா மட்டும் கொட்டுது, கூடவே வயிறு முறுக்குது, ஸ்டோமா வீங்குது, வாந்தி வருதுனா அது அடைப்பா இருக்கலாம். பேதி மாத்திரை கூடவே கூடாது. திட உணவை நிறுத்திட்டு நேரா தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, ஆபரேஷன் பண்ண இடமோ போயிடுங்க. உள்ளே நுழைஞ்சதும் "ஐலியோஸ்டமி பேஷண்ட்"னு முதல்ல சொல்லுங்க, டிஸ்சார்ஜ் பேப்பரையும் கையில வெச்சுக்கோங்க.