ஒழுகுற குளத்துக்கு எதைப் பூசுறது?

எங்க வீட்டுத் தோட்டத்துல பிவிசி ஷீட் விரிச்ச சின்னக் குளம் ஒண்ணு இருக்கு. அது ஒழுக ஆரம்பிச்சதும், பாத்ரூமுக்கு வாங்கி மிச்சமிருந்த சிலிகானைப் பூசிட்டேன், மீன் உள்ள இருக்கும்போதே. மூணே நாள்ல பாதி கப்பி மீன் செத்து மிதந்துச்சு. தப்பு என்னோடதுதான். ட்யூபைத் திருப்பிப் படிக்கவே இல்ல.

பாத்ரூம் சிலிகான்ல பூஞ்சை வராம இருக்க மருந்து கலந்திருப்பாங்க. அது மீனுக்கு விஷம். 'அக்வேரியம்'னு போட்டிருக்கிற சிலிகான் பாதுகாப்பானது. ஆனா நல்லா காய்ஞ்சு, வினிகர் வாடை போன பிறகுதான் தண்ணி விடணும்.

அதுலயும் ஒரு சிக்கல். கண்ணாடியில நல்லா பிடிக்கும். ஷீட்ல கொஞ்ச நாள்ல உரிஞ்சு வந்துடும். பிவிசி ஷீட்டுக்கு அதே பிவிசியில ஒரு துண்டு வெட்டி, மீன் குளத்துக்குன்னே விக்கிற பசையால ஒட்டணும். ரப்பர் ஷீட்டுன்னா, ப்ரைமர் தடவி அதுக்கான ஒட்டு டேப் போடணும்.

ஓட்டை எங்கன்னு தெரியலையா? தண்ணி தானா இறங்கட்டும். எந்த மட்டத்துல நிக்குதோ, அந்த மட்டத்தைச் சுத்தித் தேடுங்க. நம்ம டீபக்கிங் மாதிரியேதான்!

ரெண்டாவது தடவை, குளத்துத் தண்ணியோடயே மீனை முதல்ல பக்கெட்டுக்கு மாத்தினேன். மிச்சமிருந்த 11 மீனும் இப்போ நல்லா நீந்துது.