லைப்சிக் நகரத்துத் திரை

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், சங்கீத மேதை பாக் தம் அந்திம காலம் வரை வாழ்ந்த லைப்சிக் நகரத்தில், இலையுதிர் காலந்தோறும் நடக்கும் ஆவணப்பட விழாவைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். 1955-ல் தோன்றி, இடையே சில வருஷம் நின்று, 1960 முதல் மறுபடியும் நடந்துவரும் இவ்விழா, இக்கலைக்கென்றே ஏற்பட்ட விழாக்களுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று. சமாதானப் புறா அதன் சின்னம். பொற்புறா அதன் பரிசு.

சமாதானத்தை ஓயாது போதித்த அந்நாளைய கிழக்கு ஜெர்மனி அரசாங்கத்தின் ஆதரவில் நடந்த விழாவாதலால், வியத்நாமின் துயரத்துக்கும் சிலியின் துயரத்துக்கும் அதன் திரையில் தாராளமாக இடம் இருந்தது. சொந்த வீதியின் துயரத்துக்கு மட்டும் இடம் இருக்கவில்லை. 1983 நவம்பரில், விழா நடந்த காபிடோல் திரையரங்கின் வாசலில், அதே சமாதானத்தை வேண்டி மெழுகுவத்தி ஏந்திக் கூடிய இளைஞர்கள் கைது செய்யப்பட்டார்கள். இதை மறைத்து இவ்விழாவைப் புகழ எனக்கு மனம் இல்லை.

ஆறு வருஷம் கழிந்தது. திங்கட்கிழமைதோறும் நிக்கோலாய் தேவாலயத்துப் பிரார்த்தனை முடிந்து வீதிக்கு வந்த ஜனங்கள், 1989 அக்டோபர் 9-ஆம் தேதி சுமார் எழுபதினாயிரம் பேராகப் பெருகி, அரசாங்கத்தை எதிர்த்து அச்சமின்றி நடந்தார்கள். அடுத்த வாரமே காமிராவுடன் அங்கே வந்து சேர்ந்த கெர்ட் க்ரோஸ்கேயும் ஆந்திரேயாஸ் ஃபோக்டும் எடுத்த 'இலையுதிர் காலத்து லைப்சிக்' என்னும் படம், அந்த நவம்பர் விழாவிலேயே திரையிடப்பட்டது. தங்கள் நகரத்தின் முகத்தை லைப்சிக்வாசிகள் தங்கள் திரையில் கண்ட நாள் அது.

ஆயினும் என் நெஞ்சைத் தொட்டது அதற்குப் பின் நடந்ததே. ஜனசமுத்திரம் கலைந்துபோன பின், இரவில் துடைப்பத்துடன் அவ்வீதிகளைப் பெருக்கிய தொழிலாளிகள் க்ரோஸ்கேயின் கண்ணில் பட்டார்கள். சரித்திரம் நடந்து சென்ற தெருவில் சரித்திரத்தின் குப்பையை அள்ளிய அம்மனிதர்களை அவர் மறக்கவில்லை. அவர்களைப் பற்றி 1990-ல் ஒரு படம் எடுத்தவர், 1997-லும் 2006-லும் அவர்களையே தேடிச் சென்று மேலும் இரண்டு படங்கள் எடுத்தார். வின்ஃப்ரீட் யுங்கே என்னும் மற்றோர் ஆவணப்படக்காரரோ, கிழக்கு ஜெர்மனியின் கோல்ட்சோ கிராமத்தில் 1961-ல் பள்ளியில் சேர்ந்த குழந்தைகளை, அவர்கள் தலை நரைக்கும் பருவம் வரையில், 2007 வரை பின்தொடர்ந்து படமெடுத்தார். கூட்டம் உள்ள இடத்தில் செய்திக்காரன் நிற்பான். கூட்டம் போன பிறகும் நின்று பார்க்கும் சிரத்தையே ஆவணப்படத்தின் உயிர் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வாரந்தோறும் படம் மாற்றும் கொட்டகைகளில் இத்தகைய பொறுமைக்கு ஆதரவு கிடைப்பது அரிது. அதனாலேயே வருஷத்தில் ஒரு வாரமாவது அதற்கென ஒதுக்கிவைக்கும் விழா அவசியமாகிறது. சமீப வருஷங்களில் லைப்சிக் விழாக்காரர்கள் நகரத்தின் பிரதான ரயில் நிலையத்துக் கிழக்கு மண்டபத்திலும் திரை கட்டிப் படம் காட்டியிருக்கிறார்கள்; ரயிலுக்குக் காத்திருப்பவர் எவரும் அங்கே கட்டணமின்றி உட்கார்ந்து பார்க்கலாம்.