ஊர்ப்பொருளில் கற்றவர் ஊருக்கு வரட்டும்!

(ஆர்.கே.பேட்டைக் கூட்டத்தில் ஆற்றிய பொழிவு)



போராடித் திருத்தணியை 1960-இல் தமிழகத்தோடு சேர்த்தோம். எல்லை வந்தது, மருத்துவர் வந்தாரா? எல்லையோரச் சிற்றூரில் நள்ளிரவில் பிள்ளைக்கு வலிப்புக் கண்டால், தாய் முதலில் தேடுவது மருத்துவரையன்று, வண்டியைத்தான்.

அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காட்டு இடம் 2020-இல் சட்டமாயிற்று. அவர்தம் கட்டணத்தையும் அரசே ஏற்றது. நல்ல செயல். ஆனால், தறிக்காரர் மகன் மருத்துவனாகிப் பெருநகரில் தங்கிவிட்டால் நமக்கு மிஞ்சுவது பெருமை மட்டுமே. பெருமை காய்ச்சலைத் தணிக்காது!

அருகிலுள்ள வேலூரைப் பாருங்கள். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் திருச்சபைகளின் பரிந்துரையால் சேர்வோர், படிப்பு முடிந்தபின் ஈராண்டு அச்சபைகள் சுட்டும் மருத்துவமனைகளில் பணிசெய்யக் கடமைப்பட்டவர். சப்பானில் 1972-இல் தொடங்கிய சிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் இன்னும் கண்டிப்பானது. படிப்புச் செலவை ஆட்சிப்பகுதிகள் ஏற்கின்றன. கற்றவர் தம் பகுதிக்கே மீண்டு ஏறத்தாழ ஒன்பதாண்டு உழைக்கிறார். தவறினால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். அவ்வாறு விலகுவோர் மிகச் சிலரே. ஒறுப்புக்கு அஞ்சியா? பிறந்த மண்ணின் பிணைப்பே பெருங்கரணியம் என்பேன்.

நாமும் அவ்வாறு உறுதிமுறி கேட்போம். ஏழைப் பிள்ளையை மட்டும் கட்டிப்போடுவதா என்பீர். கூடாது! அரசுக் கல்லூரியில் பயிலும் செல்வர் பிள்ளையும் மக்கள் வரியில்தான் படிக்கிறார். அவரும் எழுதித் தரட்டும். அரசும் எழுதித் தரட்டும்: குடியிருக்கப் பாதுகாப்பான வீடு, போதிய மருந்து, துணைச் செவிலியர். கூரை ஒழுகும் குடியிருப்பில் இளம்பெண் மருத்துவரைத் தனியே விட்டுவிட்டுத் தொண்டு பேசுவது அறமாகாது.

வேண்டுகோள் தாள் வாயிலில் உள்ளது; கையொப்பமிட்டுச் செல்லுங்கள்.