கைக்கு உகந்த றாச்செற்



மோட்டார் கராஜ் ஒன்றினுள் நுழைந்து, அங்கே தொழில் புரியும் ஒருவரைச் சிறிது நேரம் உற்று நோக்குவோர் ஒன்றைக் கண்டுகொள்வர். அவருடைய பெட்டியிலே இருபது முப்பது ஸ்பானர்கள் கிடக்கும். ஆயினும், அவருடைய கை கண்ணின் துணையை நாடாமலே மீண்டும் மீண்டும் ஒரே கருவியைச் சென்று பற்றும். பிடி தேய்ந்து, பூச்சு மங்கி, எண்ணெயிலே கறுத்துப்போன அந்தக் கருவியை வேறொருவர் இரவல் கேட்டால் அவர் முகம் சற்றே வாடும். பெரும்பாலும் அது, கைபோகும் வழியெல்லாம் 'கிறுக், கிறுக்' என்று ஒலியெழுப்பும் றாச்செற்றாகவே இருக்கும்.

அஃது அவருக்கு உகந்ததானது எங்ஙனம்? தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞன் ஒருவன் தனக்கென ஒரு றாச்செற் வாங்கப் புகுந்தால், கடையிலே வரிசையாகத் தொங்குவனவற்றுள் எதனைத் தெரிவது? விலை உயர்ந்ததே நல்லது என்பார் சிலர். பற்கள் மிகுந்ததே நல்லது என்பார் வேறு சிலர். இரண்டும் அரை உண்மைகளே. தெரிவிலே தவறினால் கெடுவது காசு மாத்திரம் அன்று. எஞ்சினுக்குள் முறிந்து நிற்கும் ஒரு போல்ட்டு முழு நாள் உழைப்பையும் விழுங்கிவிடும். நழுவிய கைப்பிடி விரல் மூட்டுகளின் தோலை உரித்துவிடும். செவ்வையாக இறுகாத சில்லு நட்டோ உயிருக்கே உலைவைக்கும். ஆகவே, இது சிந்தித்துச் செய்யவேண்டிய தெரிவாகும்.

முதலில் கருவியின் இயல்பை அறிந்துகொள்ளல் வேண்டும். வாய் திறந்த சாதாரண ஸ்பானரை எண்ணிப் பாருங்கள். நட்டின் தலைக்குப் பக்கங்கள் ஆறு. ஆதலின் ஒருமுறை பற்றித் திருப்பிய ஸ்பானர் அடுத்த பக்கத்தைப் பற்றுவதற்கு நட்டு 60 பாகை திரும்பியிருத்தல் வேண்டும். ஸ்பானரின் வாயை 15 பாகை சரித்து அமைப்பது வழக்கம். அதனால் அதனைப் புரட்டிப் புரட்டிப் போட்டு, 30 பாகை இடத்திலும் வேலை செய்யலாம். ஆயினும் ஒவ்வொரு முறையும் கழற்றவேண்டும், புரட்டவேண்டும், மீண்டும் நட்டைத் தேடிப் பற்றவேண்டும். வண்டியின் அடியிலே, கண்ணுக்குத் தெரியாத மூலையிலே, விரல்நுனியின் உணர்வை மட்டும் நம்பி இதனைச் செய்வோர் படும் பாடு சொல்லுந்தரமன்று.

இத்தொல்லைக்கு விடையாக வந்ததே றாச்செற். அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்தைச் சேர்ந்த ஜே. ஜே. றிச்சட்சன் என்பார் 1863 ஆம் ஆண்டில் இத்தகைய கருவி ஒன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். அதன் தலைக்குள்ளே சிறு பற்சக்கரம் ஒன்று உண்டு. சுருள்வில்லினால் அழுத்தப்பட்ட நாக்கு ஒன்று அச்சக்கரத்தின் பற்களிடையே பொருந்தி நிற்கும். பிடியை ஒரு பக்கம் திருப்பும்போது நாக்கு பல்லைப் பற்றிக்கொள்ள, நட்டும் உடன் திரும்பும். கை பின்வாங்கும்போது நாக்கு பற்களின்மேல் வழுக்கிச் செல்ல, நட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த வழுக்கலின் ஓசையே நாம் கேட்கும் 'கிறுக்' ஓசை. தலையிலுள்ள சிறு நெம்பை மறுபுறம் தள்ளிவிட்டால், இறுக்கிய கருவியே கழற்றும் கருவியாகிவிடும். தலையின் அடியிலே சதுரமான முளை ஒன்று உண்டு. நட்டின்மேல் தொப்பிபோற் கவியும் சொக்கெற் என்னும் உருக்குக் குவளையை அம்முளையிலே பொருத்துவர்.

வள்ளுவர் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்து, அவற்றின் பின்னே தெரிந்து தெளிதலை வைத்தார். அரசனுக்கு வகுத்த அந்நெறி, கருவி வாங்க நிற்கும் இளைஞனுக்கும் பொருந்துதல் வியப்புக்குரியது. இங்கே இடத்தை முதலாகக் கொள்வோம்.

றாச்செற்றின் பற்சக்கரத்திலே 24 பற்கள் இருப்பின், ஒவ்வொரு பல்லுக்கும் பிடி 15 பாகை அசைதல் வேண்டும். 36 பற்களாயின் 10 பாகை போதும். 72 பற்களாயின் 5 பாகையே போதும். பிடியின் நீளம் 10 அங்குலம் எனக் கொண்டால், 24 பற்கள் உள்ள கருவியின் நுனி ஏறத்தாழ இரண்டரை அங்குலத்துக்கு மேல் நகரவேண்டியிருக்கும். 72 பற்கள் உள்ளதற்கு ஓர் அங்குலத்துக்கும் குறைந்த இடமே போதும். எஞ்சினுக்கும் குழாய்க்கும் நடுவே கை நுழையும் இடம் இரண்டங்குலமே எனின், முதற் கருவி அங்கே பயனற்ற இரும்புத்துண்டு. இரண்டாவதே வேலையை முடிக்கும். ஆனால், பற்கள் பெருகப்பெருக ஒவ்வொரு பல்லும் சிறுத்துவிடும். நல்ல உருக்கினாற் செய்து, நாக்கின் பல பற்கள் ஒருங்கே பொருந்துமாறு அமைத்திருந்தாலன்றி, அச்சிறு பற்கள் பெருஞ்சுமையைத் தாங்கமாட்டா. மலிவான கருவியிலே பொறித்திருக்கும் பெரிய பல்லெண்ணிக்கையைக் கண்டு மயங்குதல் ஆகாது.

அடுத்தது வலி. றாச்செற்றின் சதுர முளை கால் அங்குலம், எட்டில் மூன்று அங்குலம், அரை அங்குலம் என்னும் மூன்று அளவுகளிலே பெரிதும் வழங்குகின்றது. நம் நாட்டு வீதிகளிலே அங்குல நட்டுகள் கொண்ட பழைய மொறிஸ் மைனர் கார்களும் உண்டு. மில்லிமீற்றர் நட்டுகள் கொண்ட யப்பானிய வாகனங்களும் உண்டு. சொக்கெற்றுகள் இருவகைக்கும் வேறு வேறாக வேண்டும். ஆனால், மில்லிமீற்றர் சொக்கெற்றுக்கும் முளைபொருந்தும் துளை அங்குல அளவினதே. ஆதலால் நல்ல றாச்செற் ஒன்று இருதலைமுறை வண்டிகளுக்கும் பணிசெய்யும்.

எதற்கு எந்த அளவு என்பதை ஒரு கணக்கு விளக்கும். காரின் சில்லு நட்டை இறுக்குவதற்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசை வேண்டும் எனக் கொள்வோம். கால் மீற்றர் நீளமுள்ள பிடியின் நுனியிலே 40 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டாற்போன்ற அழுத்தம் அதற்குத் தேவை. ஆனால், எஞ்சின் மூடியைப் பிடித்திருக்கும் 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவே போதும். அதே பிடியிலே அது 4 கிலோகிராம் எடையாகும். சில்லு நட்டை இறுக்கிப் பழகிய கை, அதே நீண்ட பிடியால் இச்சிறு போல்ட்டைத் தொட்டால், இறுகியதை உணருமுன்னரே தலை முறிந்து கையோடு வந்துவிடும். குட்டையான பிடியுள்ள கால் அங்குல றாச்செற்றோ, போல்ட்டு இறுகிவரும் செய்தியை உள்ளங்கைக்குத் தெளிவாகச் சொல்லும். வலியறிதல் என்பது வலிமையைக் கூட்டுதல் மாத்திரம் அன்று. வேண்டாத வலிமையை விலக்குதலும் ஆகும்.

இனிக் காலம். றாச்செற்றைக் கையில் எடுக்கும் காலமும் உண்டு. கீழே வைக்கும் காலமும் உண்டு. பல்லாண்டு துருவேறி இறுகிய நட்டை அசைக்கும் முதற் போராட்டம் அதற்குரியதன்று. உள்ளேயுள்ள சிறு நாக்கும் பற்களும் அவ்வதிர்ச்சிக்காக ஆக்கப்பட்டவை அல்ல. பிடியிலே இரும்புக் குழாயைச் செருகி நீட்டிக்கொண்டு ஏறி மிதிப்போர், கருவியையும் கெடுத்துத் தம் கையையும் காயப்படுத்துவர். பற்சக்கரமற்ற நீண்ட கம்பிப் பிடியாலே நட்டை முதலில் அசைத்துவிட்டு, அது தளர்ந்தபின் றாச்செற்றை எடுப்பதே முறை. அளவறிந்து இறுக்கவேண்டிய இடத்தில் இறுதித் திருப்பத்தை 'ரோர்க்' ஸ்பானரிடம் விட்டுவிடல் வேண்டும். பிடியை எப்போதும் தன்னை நோக்கி இழுத்தல் நன்று. தள்ளியே ஆகவேண்டுமாயின், விரல்களை மடக்காது விரித்த உள்ளங்கையாலே தள்ளவேண்டும். நழுவினாலும் மூட்டுகள் பிழைத்துக்கொள்ளும்.

நான்காவது, தெரிந்து தெளிதல். கடையிலேயே செய்யத்தக்க சோதனைகள் சில உள. சதுர முளையை இரு விரல்களால் மெல்லப் பற்றிக்கொண்டு, பிடியைப் பின்புறம் அசைத்துப் பார்க்கவேண்டும். விரல்களுக்கிடையே முளை அசையாது நிற்க, நாக்கு மட்டும் வழுக்கிச் சென்றால் அது நல்ல கருவி. முளையும் உடன் திரும்பினால், விரலாற் சுழற்றத்தக்க தளர்ந்த நட்டும் அவ்வாறே பின்னோக்கித் திரும்பிவிடும். றாச்செற்றினால் ஆய பயன் இல்லை. தலையின் தடிப்பைப் பார்க்கவேண்டும். தடித்த தலை ஒடுங்கிய இடத்திலே நுழையாது. திசைமாற்றும் நெம்பு உள்ளங்கை பட்ட மாத்திரத்தே புரண்டுவிடாதபடி அமைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தேய்ந்த நாக்கையும் சுருள்வில்லையும் மாற்ற உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்கவேண்டும். பிடி வழுவழுப்பான உருக்காயின் எண்ணெயைத் துடைப்பது எளிது. இறப்பர் உறையாயின் கைக்கு மென்மை. ஆனால், எண்ணெயிலே ஊறி நாளடைவிற் பழுதடைவதும் உண்டு.

தலையின் பின்புறத்திலே ஒரு சிறு பொத்தான் உண்டா என்பதும் பார்க்கத்தக்கது. பொத்தானற்ற கருவியிலே, முளையை இறுகப் பற்றியிருக்கும் சொக்கெற்றை மறு கையினாலே இழுத்துத்தான் எடுக்கவேண்டும். கை எண்ணெயாய் இருந்தால் அதுவே ஒரு போராட்டம். பொத்தானைப் பெருவிரலால் அழுத்தினாலோ சொக்கெற் தானே கழன்று விழும். இந்தச் சிறு வசதிக்குப் பின்னே ஒரு பெரிய வழக்கு உண்டு.

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே, சியர்ஸ் நிறுவனத்தின் கடை ஒன்றில் விற்பனையாளராயிருந்த பீற்றர் றொபேட்ஸ் என்னும் இளைஞர், 18 வயதளவில், தம் ஓய்வு நேரத்திலே இவ்வமைப்பை ஆக்கினார். 1965 ஆம் ஆண்டில் அவருக்கு ஆக்கவுரிமை கிடைத்தது. அவ்வாண்டிலேயே, ஒரு கருவிக்கு இரண்டு சதம் வீதம், மொத்தம் 10,000 டொலருக்கு மேற்படாமல் என்னும் உடன்படிக்கையில் அவர் தம் உரிமையை நிறுவனத்துக்குக் கொடுத்தார். கருவியோ பெருந்தொகையாக விற்பனையாயிற்று. தமது ஆக்கத்தின் உண்மை மதிப்பு தம்மிடம் மறைக்கப்பட்டதென்று அவர் 1969 இல் வழக்குத் தொடுத்தார். 1977 இல் யூரிமார் பத்து இலட்சம் டொலர் வழங்கத் தீர்ப்பளித்தனர். மறு ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தொகையை உறுதிசெய்தது. வழக்குகள் மேலும் தொடர்ந்து, 1989 இலேயே இணக்கத்துடன் முடிவுற்றன. இளைஞராய் வழக்கைத் தொடங்கியவர் நடுவயதை எட்டியிருந்தார்.

தொழிலாளியின் ஒரு கையசைவைக் குறைக்கும் பொத்தான் ஒன்றின் மதிப்பு எவ்வளவு என்பதே அங்கே எழுந்த வினா. அதன் விடையை நீதிமன்றங்களுக்கு முன்னரே அறிந்திருந்தவர்கள் கராஜ்களில் உழைப்போர். அவர்கள் அக்கருவியை விரும்பி வாங்கியமையே அதன் மதிப்பைச் சொல்லிற்று.

அங்ஙனமாயின், ஒரேயொரு றாச்செற் வாங்கத்தக்க காசுடன் நிற்கும் இளைஞனுக்கு யாது கூறலாம்? மோட்டார் வேலைக்கு எட்டில் மூன்று அங்குல முளை, ஏறத்தாழ 8 அங்குலப் பிடி, 72 பற்கள், மெல்லிய தலை, கழற்றும் பொத்தான் ஆகியவை கொண்ட ஒன்றே முதல் தெரிவாகத் தக்கது. சிறு வேலைக்கும் பெரு வேலைக்கும் நடுவே நின்று, நாளாந்தப் பணியிற் பெரும்பகுதியை அது தாங்கும். சில்லு நட்டுக்கு அரை அங்குல முளையுடையதையும், நுண்ணிய வேலைக்குக் கால் அங்குல முளையுடையதையும் பின்னர் ஒவ்வொன்றாய்ச் சேர்த்துக்கொள்ளலாம். மாலையில் வேலை முடிந்ததும் துடைத்து, வேண்டும்போது தலைக்குள்ளே சில துளி எண்ணெய் விட்டுவந்தால், அது நெடுங்காலம் உழைக்கும்.

ஆண்டுகள் சில செல்லும். பூச்சு மங்கும்; பிடி கைக்கு இணங்கித் தேயும். அப்போது யாரேனும் அதனை இரவல் கேட்டால், அந்த இளைஞனின் முகமும் சற்றே வாடும். தெரிவு செவ்வையாக அமைந்தது என்பதற்கு அதனினும் மேலான சான்று வேண்டியதில்லை.